எதிர்க்கரையில் அஃப்ரா

பாம்பெர்க் நகரத்துக்கு நடுவே ஓடும் ரெக்னிட்ஸ் ஆற்றின் மேல் இலையுதிர்காலம் முழுக்கப் பனிமூட்டம் கிடக்கும். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஆறும் தெரியாது, எதிர்க்கரையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் மீனவர் வீடுகளும் தெரியாது. யாரோ படகைத் தள்ளும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும். வெயில் ஏற ஏற முதலில் கூரைகள் வெளியே வரும், அப்புறம் சுவர்கள், கடைசியாகத் தண்ணீர். கண் மருத்துவர் செர்லினே ஒர்டனாவுக்கு அந்த வேளை பிடிக்கும். கட்டு அவிழ்த்த கண்ணுக்கு உலகம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும் என்று நோயாளிகளிடம் சொல்வாள்.

அது நோயாளிகள் வந்துகொண்டிருந்த காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில், புதிய ஆட்சி வந்து, காப்பீட்டில் வரும் நோயாளிகளை யூத மருத்துவர்கள் பார்க்கக் கூடாது என்று ஆனபிறகு, வீட்டுக் கூடத்து நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. வாரத்துக்கு ஒருவர், இருவர் வந்தார்கள். அவர்களும் தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மணியை அடித்தார்கள்.

வீட்டில் மூன்று பேர். செர்லினேக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். மாடியில் ஆற்றைப் பார்த்த அறையில் அவளுடைய அப்பா செலிக்மன். எண்பதைத் தாண்டியவர், படுக்கையோடு படுக்கை. மூன்றாவது ஆள் அஃப்ரா. பதினாறு வயதில் மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தவள். சமையல், துணி, அடுப்பு, அப்பா, எல்லாம் அவள் கையில். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பூசைக்குப் போவாள். வெள்ளிக்கிழமை சாயந்தரம் செர்லினே விளக்கேற்றும்போது தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வாசலோரம் நிற்பாள். இந்த இரண்டிலும் அவளுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

செலிக்மன் ஒரு காலத்தில் பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூக்களை மூட்டை மூட்டையாக வாங்கி விற்றவர். ரஷ்யா வரைக்கும் சரக்கு அனுப்பினார். நகரசபையில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் காலத்தில் இங்குமங்குமாக மிதந்துகொண்டிருந்தார். ஒரு நாள் கண்விழித்தால் அவருக்கு நாற்பது வயது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுவார். இன்னொரு நாள் பத்து வயது. அப்படிப்பட்ட நாட்களில் அஃப்ராவை "அம்மா" என்று கூப்பிடுவார். அவள் ஊட்டினால்தான் வாய் திறப்பார்.

"உங்களைவிட அம்பது வயசு சின்னவ நான். அம்மாவாம், அம்மா!" என்று அஃப்ரா அலுத்துக்கொள்வாள். "சரி, அம்மா சொல்றேன். ஆ காட்டுங்க பெரியய்யா."

அவர் காட்டுவார்.

முப்பத்தைந்தாம் ஆண்டு செப்டம்பரில் பக்கத்து நூரென்பெர்க்கில் ஆளும் கட்சிக்காரர்கள் பெரிய கூட்டம் கூட்டிப் புதிய சட்டங்களை அறிவித்தார்கள். யூதர்கள் இனி நாட்டின் குடிமக்கள் அல்ல, வெறும் குடியிருப்பவர்கள். மற்றவர்களை மணக்க முடியாது. ஜெர்மானிய ரத்தமுள்ள இளம் பெண்களை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. செர்லினே பத்திரிகையை மடித்து அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு முப்பது வயது. புதிதாக வாங்கிய கிடங்கைப் பற்றிச் சொன்னார். வெயிலில் காயும் ஹாப்ஸ் வாசனை அறைக்குள் வருகிறதா என்று கேட்டார்.

"வருதுப்பா" என்றாள்.

அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது அவரைப் போய்ச் சேர்ந்திருக்காது. அவர் இருந்த வருஷத்தில் அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அஃப்ரா பத்திரிகையைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "என் ரத்தம் இவ்வளவு ஒசத்தின்னு எனக்கு இப்பத்தான் தெரியுது டாக்டரம்மா. இத்தனை வருஷமா வெங்காயம் நறுக்கறப்ப சும்மா சிந்தி வீணாக்கிட்டேன்."

நவம்பரில் விளக்க விதிகள் வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் டிசம்பர் முடிவதற்குள் முப்பத்தைந்து வயதை நிறைவு செய்திருந்தால் அதே வீட்டில் தொடரலாம். அஃப்ரா பிறந்தது பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாளன்று. அவளுக்கு முப்பத்தைந்து ஆவதற்கு ஒரு மாதம் குறைந்தது.

"எங்கம்மா அப்பவே சொன்னா, நான் வயித்துக்குள்ள இருந்து வர மாட்டேன்னு அடம் பிடிச்சேன்னு" என்றாள் அஃப்ரா. கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தட்டு எப்போதோ காய்ந்துவிட்டது.

செர்லினே தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நகர அலுவலகத்துக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். மரியாதையாக எழுந்து நாற்காலி காட்டினான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த மரியாதையின் முன்னால் அவள் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசந்தான் குறையுது" என்றாள். "எங்கப்பா அவ கையால குடுத்தாத்தான் சாப்பிடறாரு."

"புரியுதுங்க டாக்டரம்மா. ஆனா தேதி போட்டிருக்காங்களே. தேதியை நான் என்ன செய்ய முடியும்?" அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். விதிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்தது. "இங்க பாருங்க, ஒரு வழி இருக்கு. யூத வீடுன்னா, யூத ஆண் ஒருத்தர் இருக்கற வீடு. நீங்க மட்டும்னா இந்தத் தடையே கெடையாது. உங்கப்பாவை வேற எங்கயாவது வெச்சிட்டீங்கன்னா, அந்தப் பொண்ணு தாராளமா இருக்கலாம்."

"எங்கப்பாவைப் பாத்துக்கத்தான் அவ வேணும்."

"ஆமா, அதுவும் சரிதான்."

"எங்கப்பாவுக்கு எண்பத்து மூணு வயசு தம்பி. எழுப்பி உக்கார வைக்கவே ரெண்டு பேர் வேணும். சில நாள் தனக்கு பத்து வயசுங்கறாரு."

அவன் பேனாவை மூடி வைத்தான். "இருந்தாலும் ஆம்பளைதானேங்க?"

வெளியே வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாலத்தைப் பாதி கடக்கும்வரை சிரிப்பாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தண்ணீர் தன்பாட்டுக்கு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

ஆண்டின் கடைசி நாள் அஃப்ரா வீடு முழுக்கக் கழுவித் துடைத்தாள். தகரப் பெட்டியைக் கீழே இறக்கினாள். பெரியய்யாவிடம் போய், "சந்தைக்குப் போயிட்டு வரேன்" என்றாள்.

"எனக்கு என்ன வாங்கிட்டு வருவ?"

"என்ன வேணும்?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "விசில்" என்றார்.

அஃப்ரா படியிறங்கி வந்தாள். ரவைக் கஞ்சிக்குப் பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்று செர்லினேயிடம் மறுபடி ஒரு தடவை சொன்னாள். வாசலில் நின்று, "நீங்க அவசரப்படறீங்க டாக்டரம்மா, அதான் கட்டி தட்டுது" என்றாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவளுக்கு வேலை கிடைத்தது எதிர்க்கரையில், கிரெஸென்ஸ் என்ற மீனவ விதவையின் வீட்டில். வலை பழுது பார்க்கவும் மீன் சுத்தம் செய்யவும் ஆள் தேவைப்பட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்த வீட்டின் பச்சைக் கதவு தெரியும். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் நடக்கிற தூரம்தான். ஆனால் செர்லினேக்கு அந்தக் கரை, பூகோளப் புத்தகத்தில் பெயர் மட்டும் படித்த ஏதோ ஒரு நாட்டைப் போல விலகிப் போனது.

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

கோபத்தால் அல்ல. அம்மா சந்தைக்குப் போயிருக்கிறாள், வந்ததும் சாப்பிடலாம் என்று பொறுமையாகக் காத்திருந்தார். செர்லினே ரவைக் கஞ்சி காய்ச்சினாள், கட்டி தட்டியது. மறுபடி காய்ச்சினாள். வெள்ளிக்கிழமைக்கென்று பின்னிச் சுடும் பார்ஹெஸ் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டுபோனாள். அஃப்ரா விட்டுப்போன பழைய சமையல் மேலங்கியைக் கட்டிக்கொண்டு, அவளைப் போலவே இடுப்பில் கைவைத்து, "ஆ காட்டுங்க பெரியய்யா" என்றாள்.

அப்பா அவளைப் பரிவோடு பார்த்தார். "நீங்க நல்லவங்க" என்றார். "ஆனா எங்கம்மா வந்துடுவா."

பெற்ற மகளை "நீங்க" என்றார். செர்லினே சமையலறைக்கு வந்து, மேலங்கியோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். கரண்டியால் இரண்டு வாய் தண்ணீர், அதில் கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான் இறங்கியது. அவர் கன்னங்கள் உள்ளே போயின. போர்வைக்குள் அவர் நாளுக்கு நாள் சின்னவராகிக்கொண்டு வந்தார். எந்த வயதில் இருப்பதாக நினைத்தாரோ அந்த வயதுக்கே உடம்பும் திரும்பிப் போய்க்கொண்டிருந்ததுபோல இருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் மதியம். அன்று மூட்டம் உச்சிவேளை வரை கலையவில்லை. செர்லினே கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். சட்டென்று வெளிச்சம் வந்தது. எதிர்க்கரையின் கூரைகளும் சுவர்களும் ஒவ்வொன்றாக வந்தன. கிரெஸென்ஸ் வீட்டு மேல் ஜன்னல் திறந்திருந்தது. அதில் தலைத்துணி கட்டிய ஒருத்தி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்குக் கிட்டப் பார்வை எப்போதோ போய்விட்டது. தூரத்தில் இருப்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அம்மா சாப்பிடறா" என்றார்.

எதிர்க்கரையில் கரண்டி மேலே போனது. இந்தக் கரையில் அவர் வாய் திறந்தது. செர்லினேயின் கை அவள் யோசிப்பதற்குள் முந்திக்கொண்டது. கஞ்சி உள்ளே போயிற்று. கட்டியோடுதான். அங்கே அஃப்ரா மென்றாள். இங்கே அவரும் மென்றார். அங்கே அவள் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள், அவர் காத்திருந்தார். கிண்ணம் காலியாகும்வரை செர்லினே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயந்தரமே பாலத்துக்குப் போனாள். மீன் கூடையோடு அஃப்ரா வரும் நேரம் அவளுக்குத் தெரியும். இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கொஞ்சம் விலகி, தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பெண்கள் வாத்துகளை வேடிக்கை பார்ப்பதாகத் தோன்றும்.

"ஒழுங்கா சாப்பிடறாரா?" அஃப்ரா வாத்துகளிடம் கேட்டாள்.

"உன்னைப் பாத்தா சாப்பிடறாரு."

செர்லினே நடந்ததைச் சொன்னாள். அஃப்ரா கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். மூக்கை உறிஞ்சினாள். "இன்னைக்கு நான் அவசர அவசரமாத் தின்னேனே. மெதுவாத் தின்னிருக்கணும். புரையேறலையே?"

"இல்ல."

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு. எங்க வீட்டுக்காரம்மா கோயில் மணி அடிச்சாத்தான் சட்டியை எறக்குவா. நீங்க தயாரா இருங்க. அப்புறம் டாக்டரம்மா, பாலை முதல்ல ஊத்தாதீங்க. எத்தனை தடவை சொல்றது?"

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், நடுவில் ஓர் ஆறு இருந்தது. மூட்டம் இருந்த நாட்களில் அஃப்ரா ஜன்னலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள். வெண்மைக்குள் மஞ்சளாக ஒரு புள்ளி மிதந்தது. "அம்மா அங்கதான் இருக்கா" என்று அப்பா சொல்லிக்கொண்டு வாய் திறந்தார். பனி பெய்த நாட்களில் ஆற்றின் மேல் செதில் செதிலாக விழுந்து, அந்தக் கரை அசைவதுபோலத் தெரியும். வீடே ஒரு படகாகி மெல்ல நகர்வதாகச் செர்லினேக்குத் தோன்றும். மெழுகுவர்த்தித் திருநாள் வந்தது, போனது. அஃப்ராவுக்கு முப்பத்தைந்து வயது நிறைந்தது. அந்தத் தேதியால் இனி யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அன்று அவள் ஜன்னலில் ஒரு பெரிய துண்டு கேக்கை எடுத்து, இந்தப் பக்கம் தூக்கிக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். செர்லினே எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மார்ச் கடைசியில் தேர்தல் வைத்தார்கள். தெருவெல்லாம் கொடி. பேண்டு வாத்தியக்காரர்கள் பாலத்தின் மேல் ஊதிக்கொண்டு போனார்கள். பெண்களுக்கு ஓட்டு வந்த நாள் முதல் செர்லினே ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இந்தத் தடவை அவளுக்கு ஓட்டு இல்லை. திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

வாத்தியச் சத்தத்தில் அப்பா விழித்தார். "ஓட்டு போட்டாச்சா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு எழுபது வயதிருக்கலாம். குரல் கணீரென்று இருந்தது.

"போட்டாச்சுப்பா."

"நல்லது. மறந்துடக் கூடாது. எங்க அப்பாவுக்கு அது கெடையாது."

அந்த வாரம்தான் கிரெஸென்ஸ் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்: அந்த வேலைக்காரி தினமும் யூத வீட்டுக்குச் சைகை காட்டுகிறாள். ஆளும் கட்சியின் பழுப்புச் சட்டை போட்ட இருவர் படியேறிப் போய் அஃப்ராவை விசாரித்தார்கள். நடந்ததை அவளே அப்புறம் பாலத்தில் சொன்னாள்.

"என்ன சைகைன்னு கேட்டான். கரண்டியை வாய்க்குக் கொண்டு போறதுதாங்க சைகைன்னேன். எதுக்குன்னான். எங்க ஊர்ல பசிச்சா அப்படித்தான் செய்வோம், உங்க ஊர்ல எப்படின்னேன்."

"அஃப்ரா!"

"பின்ன என்ன? சிரிச்சிட்டான் ஒருத்தன். இன்னொருத்தன் சிரிக்கல. ஜன்னலைச் சாத்தி ஆணி அடிச்சிட்டுப் போயிட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "வீட்டுக்காரம்மா பயந்து போயிட்டா டாக்டரம்மா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது."

மறுநாள் பன்னிரண்டு மணி அடித்தது. எதிர்க்கரையின் ஜன்னல் மூடிக் கிடந்தது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். செர்லினே கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அப்போது பச்சைக் கதவு திறந்தது. அஃப்ரா கிண்ணத்தோடு வெளியே வந்தாள். தண்ணீருக்கு இறங்கும் படிக்கட்டில், ஈரக் கல்லில் உட்கார்ந்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இந்தப் பக்கம் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஊரிலுள்ள எந்த மீனவப் பெண்ணும் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல ஆற்றைப் பார்த்துக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள்.

ஏப்ரலில் வெள்ளம் வந்து படிகளை மூடியது. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. காய்ச்சலில் அவர் முன்னெப்போதும் போகாத தூரம் பின்னோக்கிப் போனார். செர்லினே கேள்விப்பட்டு மட்டும் இருந்த ஒரு காலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய சின்ன வயதில் பவேரியாவில் ஒவ்வோர் ஊரிலும் இத்தனை யூதக் குடும்பம்தான் இருக்கலாம் என்று கணக்கு இருந்தது. ஒருவர் செத்தாலோ ஊரைவிட்டுப் போனாலோதான் இன்னொருவருக்கு இடம். அவருக்கு ஒன்பது வயதானபோது அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு கிராமத்திலிருந்து இந்த நகரத்துக்கு வந்தது. அவர் அந்த வண்டியில் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு வந்தார்.

இப்போது மறுபடி அந்த வண்டியில் படுத்திருந்தார்.

"அம்மா, அது கோயில் கோபுரமா?"

செர்லினே கட்டிலில் அவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். "ஆமாண்டா கண்ணா" என்றாள். தன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நாலு கோபுரம்."

"ஆமா, நாலு."

"ஊர் வாசல்ல ஆள் நிக்கறானே. காகிதம் கேப்பானா?"

"கேக்க மாட்டான்."

அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமில்லை. ஆனால் கேள்வியில் ஒரு குழந்தையின் பயம் முழுசாக இருந்தது. "நாம இங்க இருக்கலாமா அம்மா? நெசமாவே இருக்கலாமா?"

கீழே தெருவில் யாரோ பாடிக்கொண்டு போனார்கள். செர்லினே அவர் நெற்றியில் கைவைத்தாள்.

"இருக்கலாம்" என்றாள். "எவ்வளவு நாள் வேணுமோ அவ்வளவு நாள்."

அவர் அதை நம்பினார். முகம் தளர்ந்தது. வண்டி நகர வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும்; கல் பாவிய தெருவில் சக்கரம் ஏறும்போது உடம்பு குலுங்குமே, அப்படி ஒரு முறை குலுங்கினார். சாகிறவர்களுக்காகச் சொல்லும் "கேள் இஸ்ரயேலே" ஜெபத்தைச் செர்லினே அவர் காதில் சொன்னாள். பாதி சொல்லும்போதே அவர் போய்விட்டார்.

யூத இடுகாட்டுக்கு அதிகம் பேர் வரவில்லை. பெரியவர்கள் சிலர், ஹாப்ஸ் வியாபாரத்தில் கூட இருந்த இரண்டு கிழவர்கள். அஃப்ரா பூசைக்குப் போகும் கறுப்புத் தொப்பியோடு வந்து எல்லோருக்கும் பின்னால் நின்றாள். மண் போடும் முறை வந்தபோது முன்னால் வந்து மூன்று அள்ளு போட்டாள். யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

துக்கம் காக்கும் ஏழு நாளில் இரண்டாம் நாள் மதியம் வாசலில் மணி அடித்தது. செர்லினே தாழ்ந்த மணையிலிருந்து எழுந்துபோய்த் திறந்தாள். அஃப்ரா நின்றாள். காலடியில் தகரப் பெட்டி.

"என்ன இது?"

"வந்துட்டேன்."

"அஃப்ரா, சட்டம்…"

"கேட்டுட்டுத்தான் வரேன். அலுவலகத்துக்கு நானே போனேன். அந்தத் தம்பிதான் இருந்தான்." அஃப்ராவின் கண்கள் வீங்கியிருந்தன. "இந்த வீட்ல இப்ப ஆம்பளை இல்லையாம். அதனால இது இப்ப யூத வீடு இல்லையாம். நான் வேலைக்கு இருக்கலாமாம்."

செர்லினே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் யாராம்?"

"அதை நான் கேக்கல டாக்டரம்மா."

செர்லினே அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்தாள். ஒருவர் செத்தால்தான் இன்னொருவருக்கு இடம். அப்பா தப்பித்து வந்த அதே கணக்கு, அவர் சவத்தின் மேல் ஏறி வந்து வாசலில் நிற்கிறது. கையில் தகரப் பெட்டியோடு, அவள் உலகத்தில் மிகவும் நேசித்த முகத்தோடு நிற்கிறது.

"போயிடு" என்றாள். "எங்கப்பா செத்ததுக்கு அவங்க குடுக்கற கூலி எனக்கு வேண்டாம். போயிடு அஃப்ரா."

கதவைச் சாத்தினாள். திரும்பி மணையில் வந்து உட்கார்ந்தாள். துக்க வீட்டு வழக்கப்படி கண்ணாடிகளெல்லாம் துணி போட்டு மூடியிருந்தன. வெகுநேரம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

அவள் போகவில்லை.

செர்லினே கதவைத் திறந்தாள். அஃப்ரா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். திரும்பாமலே பேசினாள்.

"கூலியா? எனக்கு மட்டும் அவரு யாரு? என்னை அம்மான்னு கூப்பிட்ட ஒரே ஆளு போயிட்டாரு. எனக்கு வேற புள்ளையா குட்டியா? நீங்க உள்ள உக்காந்து துக்கம் காக்கறீங்க. உங்களுக்கு மணை இருக்கு. நான் எங்க போய் உக்கார்றது? அந்த மீன் செதிலுக்கு நடுவுலயா?"

செர்லினே வெளியே வந்தாள். துக்கம் காப்பவர்கள் தாழ்வாகத்தான் உட்கார வேண்டும். வாசற்படியில், பெட்டிக்குப் பக்கத்தில், கல்லின் மேல் உட்கார்ந்தாள். அஃப்ரா பெட்டியிலிருந்து இறங்கி அவளும் கல்லுக்கு வந்தாள். தெருவில் போன ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள். பொழுது சாயும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். குளிர் ஏறியபோது அஃப்ராதான் எழுந்து, "அடுப்பு மூட்டணும்" என்று பெட்டியை உள்ளே இழுத்தாள்.

அந்தக் கோடை முழுக்க அஃப்ரா அந்த வீட்டில்தான் இருந்தாள். ஆனால் நாட்டைவிட்டுப் போவதென்று செர்லினே முடிவு செய்துவிட்டாள். அப்பா இருந்தவரை போவதைப் பற்றி நினைத்ததில்லை. இஸ்தான்புல்லில் ஒரு மருத்துவமனையில் கண் மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். கூடப் படித்த ஒருத்தி அங்கே இருந்தாள். வீடு கிடைத்த விலைக்குப் போயிற்று.

"அங்க என்ன திம்பாங்க?" என்றாள் அஃப்ரா, துணிகளை மடித்துக்கொண்டே.

"மீன். கத்திரிக்காய். எனக்கு எப்படித் தெரியும்?"

"யாரு சமைப்பா?"

"நானே."

அஃப்ரா மடிப்பதை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கர்த்தர்தான் காப்பாத்தணும் அந்த ஊரை" என்றாள்.

செப்டம்பரில் கிளம்பினாள். பாம்பெர்க் ரயில் நிலையத்தில் வழியனுப்பிவிட்டுப் போகச் சொன்னாள் செர்லினே. அஃப்ரா கேட்கவில்லை. நூரென்பெர்க்கில் வண்டி மாற வேண்டும், இத்தனை பெட்டியை யார் இறக்குவது என்று தானும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். வழியெல்லாம் வேகவைத்த முட்டையை உரித்து உரித்துக் கொடுத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வயல்கள் ஓடின. செர்லினே பாதி தூங்கினாள். சக்கரச் சத்தத்துக்குள் அஃப்ராவின் குரல், கிராமத்துச் சித்தப்பா யாரையோ திட்டிக்கொண்டு, வந்தும் போயும் இருந்தது. இந்தப் பயணம் முடியவே வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது.

நூரென்பெர்க் நிலையம் பெரியது. ஊர் மறுபடியும் வருடாந்தரக் கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கும் சிவப்புத் துணி, சீருடை, கூச்சல். அஃப்ரா வியன்னா வண்டியில் பெட்டிகளை ஏற்றினாள். மேல் தட்டில் ஒன்றை வைத்து, ஆட்டிப் பார்த்து, விழாது என்று உறுதி செய்துகொண்டாள். கீழே இறங்கி ஜன்னலருகே நின்றாள்.

"போய்ச் சேந்ததும் சொல்லியனுப்புங்க."

"சரி."

"ஒழுங்கா சாப்பிடுங்க."

"சரி அஃப்ரா."

 அஃப்ரா கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சட்டென்று திரும்பி நடந்தாள். பாம்பெர்க் வண்டி இடப்பக்கம் நின்றது. அவள் கூட்டத்தோடு வலப்பக்கம் போனாள்.

செர்லினே கண்ணாடியைத் தட்டினாள். "அந்தப் பக்கம் இல்ல! அஃப்ரா, இந்தப் பக்கம்!"

கூச்சலில் அது கேட்கவில்லை. கறுப்புத் தொப்பி சிவப்புத் துணிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. ஒரு போர்ட்டரிடம் ஏதோ கேட்டாள். அவன் கையை நீட்டினான். அவள் அவனோடும் ஏதோ வாக்குவாதம் செய்தாள். அதற்குள் செர்லினேயின் வண்டி நகர்ந்துவிட்டது. சரியான வண்டியில் அவள் ஏறினாளா என்று தெரிய, இஸ்தான்புல்லில் செர்லினே அவள் கடிதத்துக்காக மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.